பேரெண்ணும் சிற்றெண்ணும் எழுதும் முறை



கதிரவன் புவியிலிருந்து சராசரியாக எவ்வளவு தொலைவில் உள்ளது என்று வினவினால், ஏறத்தாழ 14,96,00,000 கிலோமீட்டர் என்று வானநூலார் விடை தருகின்றனர். பச்சை நிற ஒளியின் ஓர் அலை எவ்வளவு நீளம் உடையது என்று வினவினால், ஏறத்தாழ 0.00000055 மீட்டர் என்று பௌதிக நூலார் விடை தருகின்றனர். முதல் எண்ணின் இறுதியில் ஐந்து சுழிகள் நிற்கின்றன. இரண்டாம் எண்ணின் முகப்பில் ஏழு சுழிகள் நிற்கின்றன. தாளில் பார்ப்பவர்க்கே கண் தடுமாறும். வானொலியில் கேட்பவர்க்கோ எத்தனை சுழிகள் சொல்லப்பட்டன என்பது நினைவில் நில்லாது. ஆனால் ஒரு சுழி விடுபட்டால் கதிரவன் பத்தில் ஒரு பங்குத் தொலைவுக்கு நெருங்கி வந்துவிடுகிறது. ஒரு சுழி மிகுந்தால் பத்து மடங்கு அப்பால் சென்றுவிடுகிறது. ஆகவே சுழிகளைக் காப்பது எப்படி என்பது சிறிய கேள்வியன்று.

இக்கேள்விக்கு விஞ்ஞான உலகம் கண்டுள்ள விடையே விஞ்ஞானக் குறியீடு. நாம் அன்றாடம் எழுதும் வழக்கமான வடிவிலிருந்து இக்குறியீட்டுக்கு மாற்றுவது எப்படி, இக்குறியீட்டிலிருந்து வழக்கமான வடிவுக்கு மீள்வது எப்படி, இவ்விரண்டையும் அறிந்தவர்க்கு என்ன பயன் என்பவற்றை இன்று காண்போம். தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் நன்று. இல்லாவிடினும் விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

பத்தின் மேல் எழுந்த மாளிகை

நாம் எண்களை எழுதும் முறை முழுவதும் பத்து என்னும் ஒரே எண்ணின் மீது எழுப்பப்பட்டது. கி.பி. 499-ஆம் ஆண்டைச் சார்ந்த ஆரியபடீயம் என்னும் நூலில், ஒன்று என்னும் தானம் தொடங்கி நூறு கோடி என்னும் தானம் வரையில் பத்துத் தானங்களுக்கு ஆரியபட்டர் பெயர் கூறுகிறார். ஒவ்வொரு தானமும் தனக்கு முந்தியதைப்போல் பத்து மடங்கு என்றும் சொல்கிறார். இந்த ஒரு விதியே நமக்கு வேண்டிய அடிப்படை. ஓர் இலக்கம் இடப்பக்கமாக ஓரிடம் நகர்ந்தால் அதன் மதிப்பு பத்து மடங்காகிறது. வலப்பக்கமாக ஓரிடம் நகர்ந்தால் பத்தில் ஒன்றாகிறது.

பேரெண்களுக்குப் பெயரிடும் ஆவல் பிற நாடுகளிலும் இருந்தது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ், பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை மணல்கள் வேண்டும் என்று கணக்கிட முற்பட்டார். கிரேக்க மொழியில் எண்ணுப் பெயர்கள் பத்தாயிரத்தோடு நின்றுவிட்டமையால், அதற்கு மேலும் எண்ணுவதற்கு அவர் புதியதொரு முறையையே வகுக்க நேர்ந்தது. அவர் கண்ட விடையை இன்றைய முறையில் எழுதினால், ஒன்றின் பின் அறுபத்துமூன்று சுழிகள். அவ்வளவு சுழிகளை எழுதுவதற்கு மாறாக, நாம் பத்தின் மேல் சிறிய உருவில் 63 என்று எழுதி, 10⁶³ என முடித்துவிடுகிறோம். இவ்வாறு அடுக்கை மேலே சிறிய எழுத்தில் குறிக்கும் வழக்கம், பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637-ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிவகணித நூலினால் நிலைபெற்றது.

பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு. அது பத்தின் இரண்டாம் அடுக்கு, 10². ஆயிரம் என்பது 10³. இலட்சம் என்பது 10⁵. கோடி என்பது 10⁷. அடுக்காக எழுதப்பட்ட எண், ஒன்றின் பின் எத்தனை சுழிகள் என்பதைக் கூறுகிறது. இதே படிக்கட்டில் கீழ்நோக்கி இறங்கினால், பத்து என்பது 10¹. ஒன்று என்பது 10⁰. பத்தில் ஒன்று 10⁻¹. நூறில் ஒன்று 10⁻². அடுக்கின் முன் நிற்கும் குறைக்குறி, எண் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். ஒரு பைசா என்பது 10⁻² ரூபாய் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இஃது எளிதில் விளங்கும்.

பைசாவைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று கூறவேண்டும். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரையில் நம் நாட்டில் ஒரு ரூபாய் பதினாறு அணாவாக இருந்தது. மூன்று ரூபாய் ஏழணாவை அணாவாக மாற்றப் பதினாறால் பெருக்கி ஏழைக் கூட்டவேண்டும். தசம நாணயம் வந்த பிறகு, 3.45 ரூபாயைப் பைசாவாக மாற்றப் புள்ளியை இரண்டிடம் தள்ளினால் போதும். 345 பைசா என்று விடை வந்துவிடும். புள்ளியை நகர்த்துவதே கணக்காகிவிட்டது. விஞ்ஞானக் குறியீட்டின் இரகசியமும் இதுவே.

பேரெண்ணை மாற்றும் முறை

விஞ்ஞானக் குறியீட்டில் ஓர் எண் இரண்டு உறுப்புகளைக் கொண்டது. முன்னுறுப்பு, ஒன்றுக்குக் குறையாமலும் பத்தைத் தொடாமலும் இருக்கும் ஓர் எண். பின்னுறுப்பு, பத்தின் ஓர் அடுக்கு. இரண்டுக்கும் இடையே பெருக்கல் குறி நிற்கும்.

கதிரவனின் தொலைவை எடுத்துக்கொள்வோம். 14,96,00,000 என்னும் முழு எண்ணின் இறுதியில், எழுதப்படாத தசமப் புள்ளி ஒன்று இருப்பதாகக் கருத வேண்டும். அப்புள்ளியை இடப்பக்கமாக நகர்த்தி, முதல் இலக்கமாகிய ஒன்றுக்கும் அடுத்த இலக்கமாகிய நான்குக்கும் இடையே நிறுத்த வேண்டும். எத்தனை இடங்கள் நகர்ந்தோம் என்று எண்ணினால் எட்டு. ஆகவே விடை 1.496 × 10⁸ கிலோமீட்டர். முழு எண்களுக்குக் குறுக்கு வழியும் உண்டு. மொத்த இலக்கங்களை எண்ணி ஒன்றைக் கழித்தால் அடுக்கு கிடைக்கும். இங்கே ஒன்பது இலக்கங்கள். ஒன்று போக எட்டு.

சிற்றெண்ணை மாற்றும் முறை

ஒளியலையின் நீளமாகிய 0.00000055 மீட்டரை இனி எடுத்துக்கொள்வோம். இங்கே புள்ளி முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. அதை வலப்பக்கமாக நகர்த்தி, சுழியல்லாத முதல் இலக்கத்தைத் தாண்டியவுடன் நிறுத்த வேண்டும். ஏழு இடங்கள் நகர்கிறோம். சிற்றெண் ஆதலால் அடுக்குக்குக் குறைக்குறி இடவேண்டும். விடை 5.5 × 10⁻⁷ மீட்டர். இதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. முதல் ஐந்துக்கு முன் நிற்கும் சுழிகளை, புள்ளிக்கு முன்னுள்ள சுழியையும் சேர்த்து எண்ணினால் ஏழு, அதுவே அடுக்கு.

சிற்றெண்களைக் கையாளும் திறம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் பழைய கணக்கர்கள் முந்நூற்றிருபதில் ஒரு பங்கை முந்திரி என்று வழங்கினர். அதனினும் சிறிய அளவு வேண்டியபோது, முந்திரியையும் முந்நூற்றிருபது பங்காக்கி, அதில் ஒன்றைக் கீழ்முந்திரி என்றனர். ‘கீழ்’ என்னும் அந்த முன்னொட்டு, ‘இன்னுமொரு முறை முந்நூற்றிருபதால் வகுத்துக்கொள்’ என்று கணக்கனுக்குச் சொல்லும் ஆணை. அடுக்கு செய்யும் வேலையை அங்கே ஒரு சொல் செய்தது. இன்றைய முறையில் முந்திரி 0.003125 ஆகும், அதாவது 3.125 × 10⁻³. கீழ்முந்திரி 0.000009765625 ஆகும், அதாவது 9.765625 × 10⁻⁶. முந்நூற்றிருபதால் ஒருமுறை வகுத்ததும் அடுக்கு மூன்று படி இறங்கிவிட்டதைக் காண்கிறோம்.

மீண்டு வரும் வழி

விஞ்ஞானக் குறியீட்டிலிருந்து வழக்கமான வடிவுக்கு வருவது, சென்ற வழியே திரும்பி வருவதாகும். திங்கள் புவியிலிருந்து சராசரியாக 3.844 × 10⁵ கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அடுக்கு மிகையாக இருப்பதால், புள்ளியை வலப்பக்கமாக ஐந்து இடங்கள் நகர்த்த வேண்டும். எட்டு, நான்கு, நான்கு என்னும் மூன்று இலக்கங்களைத் தாண்டியதும் இலக்கங்கள் தீர்ந்துவிடுகின்றன. எஞ்சிய இரண்டு இடங்களைச் சுழியால் நிரப்ப வேண்டும். விடை 3,84,400 கிலோமீட்டர்.

மாணவர்கள் இவ்விடத்தில்தான் வழுக்கி விழுகின்றனர். அடுக்கு ஐந்து என்றால் ஐந்து சுழிகளைச் சேர்க்க வேண்டும் என்று எண்ணிவிடுகின்றனர். அடுக்கு சொல்வது எத்தனை சுழிகள் என்பதையன்று; புள்ளி எத்தனை இடம் நகரவேண்டும் என்பதை. முன்னுறுப்பு ஒரே இலக்கமாக இருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்றாகும்.

குறை அடுக்கு வந்தால் புள்ளியை இடப்பக்கமாக நகர்த்த வேண்டும். எலெக்ட்ரானின் நிறை ஏறத்தாழ 9.109 × 10⁻³¹ கிலோகிராம். இதனை வழக்கமான வடிவில் எழுதினால், புள்ளிக்குப் பின் முப்பது சுழிகள் இட்டு, அதன் பிறகே ஒன்பதை எழுதவேண்டும். அவ்வாறு எழுதிய பின், எழுதியவரே தம் சுழிகளை ஐயுற்று மீண்டும் எண்ணத் தொடங்குவார். குறியீட்டிலோ முப்பத்தொன்று என்பதைப் பார்த்த அளவிலேயே செய்தி விளங்கிவிடுகிறது.

இன்னும் ஒன்று கவனிக்கத்தக்கது. 15 × 10⁵ என்று எழுதினால் மதிப்பில் பிழையில்லை. ஆனால் முன்னுறுப்பு பத்தைத் தாண்டிவிட்டது. அதனை 1.5 ஆகச் சுருக்கினால், இழந்த பத்தை அடுக்கில் ஈடுசெய்து 1.5 × 10⁶ என எழுதவேண்டும். தராசின் இரு தட்டுகளைப்போல், ஒரு பக்கம் குறைத்ததை மறுபக்கம் கூட்ட வேண்டும் என்பதே விதி.

கணக்கு எளிதாகும் வகை

இக்குறியீடு எழுதுவதற்கு மட்டுமன்றிக் கணக்கிடுவதற்கும் துணைபுரிகிறது. பெருக்கும்போது முன்னுறுப்புகளைப் பெருக்கி அடுக்குகளைக் கூட்ட வேண்டும். வகுக்கும்போது முன்னுறுப்புகளை வகுத்து அடுக்குகளைக் கழிக்க வேண்டும்.

ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 2.998 × 10⁵ கிலோமீட்டர் செல்கிறது. ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3.156 × 10⁷ விநாடிகள் உள்ளன. ஓராண்டில் ஒளி செல்லும் தொலைவு யாது? 2.998-ஐ 3.156-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 9.46. ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. ஆகவே விடை 9.46 × 10¹² கிலோமீட்டர். ஒளியாண்டு என்று வானநூலார் கூறும் அளவுகோல் இதுவே.

வகுத்தலுக்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 18 கிராம் நீரில், அதாவது ஒரு மிடறு நீரில், ஏறத்தாழ 6.022 × 10²³ மூலக்கூறுகள் உள்ளன. ஒரு மூலக்கூற்றின் நிறை யாது? 18 என்பது 1.8 × 10¹. 1.8-ஐ 6.022-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.299. ஒன்றிலிருந்து இருபத்துமூன்றைக் கழித்தால் குறை இருபத்திரண்டு. கிடைத்த 0.299 × 10⁻²² என்பதில் முன்னுறுப்பு ஒன்றுக்கும் குறைந்திருப்பதால், அதைப் பத்து மடங்காக்கி அடுக்கை ஒரு படி இறக்க வேண்டும். விடை 2.99 × 10⁻²³ கிராம். எந்தத் தராசிலும் நிறுக்க இயலாத ஒரு பொருளை, ஒரு சிறு தாளில் நாம் நிறுத்துவிட்டோம்.

கூட்டலுக்கும் கழித்தலுக்கும் விதி வேறு. அடுக்குகள் ஒன்றாக இருந்தால்தான் முன்னுறுப்புகளைக் கூட்டலாம். ரூபாயையும் பைசாவையும் அப்படியே கூட்ட இயலாது, இரண்டையும் பைசாவாக்கிய பின்னரே கூட்டவேண்டும் என்பதைப் போன்றது இது.

பெயர்கள் மயக்கும், அடுக்கு மயக்காது

நாம் இலட்சம், கோடி என்கிறோம். மேலைநாட்டார் மில்லியன், பில்லியன் என்கின்றனர். காற்புள்ளி இடும் இடங்களும் வேறுபடுகின்றன. நம் நாட்டின் 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மக்கள்தொகை ஏறத்தாழ 121 கோடி. இதை நாம் 1,21,00,00,000 என்று எழுதுகிறோம். அவர்கள் 1,210,000,000 என்று எழுதுகின்றனர். எங்கே எழுதினாலும் 1.21 × 10⁹ என்பது ஒன்றே.

பில்லியன் என்னும் சொல்லோ ஒரு காலத்தில் அறிஞர்களையே மயக்கியது. அமெரிக்காவில் அது 10⁹. இங்கிலாந்தின் பழைய வழக்கில் அது 10¹². அளவில் ஆயிரம் மடங்கு வேறுபாடு. சொல்லில் வேறுபாடே இல்லை. 1974-ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் அரசாங்கம், தன் புள்ளிவிவரங்களில் பில்லியன் என்பது 10⁹ என்னும் பொருளிலேயே வழங்கும் என்று தெரிவித்தது. அதற்கு முற்பட்ட ஆங்கில நூல்களைப் படிக்கும்போது, எழுதியவர் எந்நாட்டார் என்று பார்த்தே பொருள் கொள்ளவேண்டும். அடுக்கால் எழுதியிருந்தால் இம்மயக்கத்துக்கு இடமில்லை.

குடிமக்களாகிய நமக்கு இதனால் நேரடியான பயனும் உண்டு. 2024-25-ஆம் நிதியாண்டுக்காக, 2024 ஜூலையில் அளிக்கப்பட்ட மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில், மொத்தச் செலவு ஏறத்தாழ 48.2 இலட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. இலட்சம் கோடி என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருடைய மனம் கணக்கிடுவதை நிறுத்திவிடுகிறது. ‘மிகப் பெரிய தொகை’ என்ற ஒரே எண்ணம்தான் எஞ்சுகிறது. அடுக்கைக் கொண்டு பார்ப்போம். இலட்சம் 10⁵, கோடி 10⁷, இரண்டும் சேர்ந்து 10¹². ஆகவே தொகை 4.82 × 10¹³ ரூபாய். மக்கள்தொகையை ஏறத்தாழ 1.4 × 10⁹ என்று கொள்வோம். 4.82-ஐ 1.4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.4. பதின்மூன்றில் ஒன்பது போக நான்கு. தலைக்கு 3.4 × 10⁴, அதாவது 34 ஆயிரம் ரூபாய். எட்டாத உயரத்தில் நின்ற எண் ஒரு குடும்பம் தன் வரவுசெலவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க அளவுக்கு இறங்கி வந்துவிட்டது. பெரிய எண்ணைக் கண்டு மலைத்து நிற்பவன் பிறர் சொல்வதை நம்பவேண்டும். அதை வகுத்துப் பார்க்கத் தெரிந்தவன் தானே தீர்ப்புக் கூறலாம்.

மற்றொன்று பார்ப்போம். 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 என்னும் நமது விண்கலம், கதிரவனை ஆராய்வதற்காகப் புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்றது. அது கதிரவனை நெருங்கிவிட்டது என்று நினைத்தவர்கள் பலர். 15 இலட்சம் என்பது 1.5 × 10⁶. கதிரவனின் தொலைவு ஏறத்தாழ 1.5 × 10⁸. முன்னுறுப்புகள் ஒன்றாக இருப்பதால் அடுக்குகளை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு படி வேறுபாடு. ஆகவே நூறில் ஒரு பங்குத் தொலைவே அக்கலம் சென்றது. எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கும் அதற்கு அப்பாலேயே உள்ளது. அவ்விடத்திலிருந்து புவியின் மறைப்பின்றிக் கதிரவனை இடைவிடாது நோக்க இயலும் என்பதற்காகவே விஞ்ஞானிகள் அதனைத் தேர்ந்தனர்.

அளந்த சுழியும் நிரப்பிய சுழியும்

இதுகாறும் எண்ணின் பருமையைப் பற்றியே பேசினோம். விஞ்ஞானக் குறியீட்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. எண் எவ்வளவு உறுதியாக அறியப்பட்டது என்பதையும் அது வெளிப்படுத்துகிறது.

எவரெஸ்ட் சிகரத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. பதினைந்தாம் சிகரம் என்று அப்போது குறிக்கப்பட்ட அம்மலையின் உயரத்தை, இந்திய நில அளவைத் துறையினர் நூறு மைலுக்கும் அப்பாலிருந்து கோணங்களை அளந்து கணக்கிட்டனர். கணக்கீட்டுப் பணியில் தலைசிறந்து விளங்கியவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 1856-ஆம் ஆண்டில், தலைமை அளவையாளராக இருந்த ஆண்ட்ரூ வா, அதன் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார். உண்மையில் கணக்கு மிகச் சரியாக 29,000 அடி என்றே வந்தது என்றும், அதை அப்படியே வெளியிட்டால் குத்துமதிப்பாகச் சொன்னதாக உலகம் கருதும் என்று அஞ்சி இரண்டடி கூட்டப்பட்டது என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது.

கதை மெய்யோ பொய்யோ, அது காட்டும் இடர்ப்பாடு மெய்யானது. 29,000 என்று எழுதினால், அம்மூன்று சுழிகளும் அளந்து கண்டவையா, இடத்தை நிரப்ப வைத்தவையா என்பதை எவராலும் சொல்ல முடியாது. விஞ்ஞானக் குறியீட்டில் இத்துயரம் இல்லை. 2.9 × 10⁴ என்றால், ஆயிரம் அடி அளவிற்கே உறுதி என்று பொருள். 2.9000 × 10⁴ என்றால், ஓரடி அளவிற்கும் உறுதி என்று பொருள். இல்லாத இரண்டடியைக் கூட்ட வேண்டிய தேவையே எழாது. 2020-ஆம் ஆண்டில் நேபாளமும் சீனாவும் கூட்டாக அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், ஏறத்தாழ 29,032 அடி. அந்தக் காலக் கருவிகளைக் கொண்டு அவ்வளவு தொலைவிலிருந்து அளந்தவர்கள் முப்பதடியளவே தவறினர் என்பது வியப்புக்குரியது.

ஆகவே அடுக்கு ‘எவ்வளவு பெரிது’ என்று கூறுகிறது. முன்னுறுப்பின் இலக்கங்கள் ‘எவ்வளவு உறுதி’ என்று கூறுகின்றன. வழக்கமான வடிவில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் இவ்விரு செய்திகளையும் பிரித்துக் காட்டுவதே இக்குறியீட்டின் தலையாய தொண்டு.

மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி

புள்ளி இடம் மாறுவதால் உயிருக்கே தீங்கு நேரக்கூடிய துறை மருத்துவம். ஒரு மில்லிகிராம் என்பது 10⁻³ கிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது 10⁻⁶ கிராம். பெயர்கள் ஒலியில் நெருங்கியவை. அளவில் ஆயிரம் மடங்கு வேறுபட்டவை. தைராய்டுச் சுரப்பி குன்றியவர்க்குத் தரப்படும் மாத்திரையில் 100 மைக்ரோகிராம் மருந்து இருக்கலாம். அஃது 0.1 மில்லிகிராம், 1 × 10⁻⁴ கிராம். மூன்றும் ஒன்றே என்று உடனே காணத் தெரிந்தவர்க்கு, மருந்துப் பெட்டியின் மேல் அளவு வேறு வகையில் எழுதப்பட்டிருந்தால் கலக்கம் உண்டாகாது. தெரியாதவரோ பத்து மடங்கு மிகுதியாகவோ குறைவாகவோ உட்கொள்ள நேரலாம்.

மருந்துச் சீட்டு எழுதும் முறையில் இதற்காகவே இரண்டு விதிகளை வகுத்திருக்கின்றனர். 5 மில்லிகிராம் என்பதை 5.0 என்று எழுதலாகாது. புள்ளி மங்கிவிட்டால் 50 என்று படிக்கப்படும். அரை மில்லிகிராமை வெறும் புள்ளி ஐந்து என்று எழுதலாகாது. முன்னால் சுழியிட்டு 0.5 என்றே எழுதவேண்டும்; இல்லையேல் புள்ளி கண்ணில் படாமல் 5 என்று படிக்கப்படும். ஆய்வுக்கூடத்தில் 5.0 என்பதன் இறுதிச் சுழி அளவின் உறுதிக்குச் சான்று. அதை நீக்கினால் செய்தி குறைகிறது. மருந்துச் சீட்டிலோ அதே சுழி அபாயம். அதை நீக்கினால் நோயாளிக்குப் பாதுகாப்பு. சுழி ஒன்றே, அதைப் படிப்பவர் யார், எந்நிலையில் படிக்கிறார் என்பதே வேறுபாடு. ஐயம் எழுந்தால் நோயாளி தாமே முடிவு செய்யாமல் மருந்தாளரிடம் கேட்டுத் தெளிவதே அறிவுடைமை.

இயந்திரங்கள் எழுதும் வகை

கணிப்பொறிகளும் கைக்கணக்கிகளும் இக்குறியீட்டைச் சற்று வேறுவிதமாகக் காட்டுகின்றன. பத்தின் அடுக்கை மேலே உயர்த்தி எழுதுவதற்கு மாறாக, ஆங்கில எழுத்தாகிய ‘ஈ’ என்பதை இட்டு, அதன் பின் அடுக்கை எழுதுகின்றன. 1.21ஈ9 என்று திரையில் தோன்றினால், அது 1.21 × 10⁹ என்பதே. கருவி பழுதுற்றதாக எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அட்டை எண், வங்கிக் கணக்கு எண் போன்றவை உருவில் எண்களே ஒழிய, எந்த அளவையும் குறிப்பவை அல்ல. அவை பெயர்களைப் போன்றவை. பதினாறு இலக்கமுள்ள அட்டை எண் ஒன்றை, கணிப்பொறியின் கணக்குத்தாளில் எண்ணாகப் பதிந்தால், அது விஞ்ஞானக் குறியீட்டில் தோன்றக்கூடும். அத்துடன், பதினைந்து இலக்கங்களையே காக்கவல்ல நிரல்களில் பதினாறாம் இலக்கம் சுழியாகிவிடும். வழக்கமான வடிவுக்கு மீண்டும் மாற்றினாலும் இழந்த இலக்கம் திரும்பி வாராது. கதிரவனின் தொலைவில் பதினாறாம் இலக்கம் போனால் இழப்பில்லை. அட்டை எண்ணில் போனால் அது வேறொன்றாகிவிடும். ஆகவே அத்தகையவற்றை எண்ணாகப் பதியாமல் எழுத்தாகப் பதியவேண்டும். விஞ்ஞானக் குறியீடு அளவுகளுக்கு உரியது, அடையாளங்களுக்கு உரியதன்று.

முடிவாக

இன்று கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். பேரெண்ணாயின் புள்ளியை இடப்பக்கம் நகர்த்துக, அடுக்கு மிகை. சிற்றெண்ணாயின் புள்ளியை வலப்பக்கம் நகர்த்துக, அடுக்கு குறை. மீண்டு வரும்போது, மிகை அடுக்குக்கு வலப்பக்கமும் குறை அடுக்குக்கு இடப்பக்கமும் செல்க. சுழிகளைச் சேர்ப்பதை எண்ணாமல், புள்ளி நகரும் இடங்களை எண்ணுக. எந்த எண்ணைக் கண்டாலும் முதலில் அடுக்கை நோக்குக. பிறகு முன்னுறுப்பை நோக்குக.

பள்ளி மாணவர்கள் செய்து பார்க்க மூன்று கணக்குகளைத் தருவோம். புவியின் நடுக்கோட்டுச் சுற்றளவு 40,075 கிலோமீட்டர்; இதை விஞ்ஞானக் குறியீட்டில் எழுதுக. மயிரிழையொன்றின் தடிப்பை 8 × 10⁻⁵ மீட்டர் என்று கொண்டு, அதை வழக்கமான வடிவில் எழுதுக. பத்து இலட்சம் விநாடிகள் எத்தனை நாட்கள் என்றும், நூறு கோடி விநாடிகள் எத்தனை ஆண்டுகள் என்றும் காண்க. முதலாவதன் விடை 4.0075 × 10⁴. இரண்டாவதன் விடை 0.00008. மூன்றாவதில், பத்து இலட்சம் விநாடிகள் பன்னிரண்டு நாட்களுக்குள் முடிந்துவிடும். நூறு கோடி விநாடிகள் முடிய முப்பத்தொரு ஆண்டுகளுக்கு மேலாகும். 10⁶ என்பதற்கும் 10⁹ என்பதற்கும் தாளில் உள்ள வேறுபாடு ஒரே இலக்கம். வாழ்வில் அது, விடுமுறை ஒன்றுக்கும் ஒரு குழந்தை வளர்ந்து பெற்றோராகும் காலத்துக்கும் உள்ள வேறுபாடு.

செய்தித்தாளில், மருந்துப் பெட்டியில், அரசின் அறிக்கையில், கடன் பத்திரத்தில் நாள்தோறும் எண்கள் நம்மிடம் பேசுகின்றன. அவற்றைப் பெயரளவில் கேட்டு மலைக்காமல், புள்ளியை நகர்த்தி அளவைக் காணும் பழக்கத்தை நாமும் கொள்வோம். நம் இளைஞர்க்கும் கற்பிப்போம்.